ஹெசரகட்டா புல்வெளியில் மேயும் மாடுகள்: எதைக் கவனிப்பது?

கேள்வி: பெங்களூரு சிக்கபாணாவரா பக்கம் இருக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். ஞாயிறு காலையில் ஹெசரகட்டா புல்வெளிக்கு நடக்கப் போவோம். அங்கே மாடுகள் ஆளில்லாமல் மேய்கின்றன. முறை வைத்துக் கவனிக்க ஆசை, ஆனால் மாடு வளர்த்த பழக்கமில்லை. எதைப் பார்ப்பது, எப்போது டாக்டரைக் கூப்பிடுவது?

கால்நடை மருத்துவரின் பதில்: நல்ல காரியம், அவசியம் செய்யுங்கள். முதலில் மாட்டுக்காரரைப் பாருங்கள். பக்கத்து ஊரில் யாரோ ஒருவருக்கு அந்த மாடுதான் பிழைப்பு. எது சினை, எது முட்டும் என்று கேட்டு, போன் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சற்றுத் தள்ளி நின்று நிதானமாகப் பாருங்கள். ஒரு மாடு மட்டும் கூட்டத்தை விட்டு விலகி, தலையைத் தொங்கப்போட்டு நின்றால் அதைக் கவனியுங்கள். நல்ல மாட்டுக்கு மூக்கு நுனி ஈரமாக இருக்கும். மேய்ந்துவிட்டுப் படுத்தால் அசை போடும். உதை எட்டாத தூரத்தில் பின்பக்கமாக நின்று இடது வயிற்றைப் பாருங்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் தெரியும். அந்த இடம் மேடாக உப்பி, மாடு மூச்சு வாங்கினால் அது வயிறு உப்புசம். சில மணி நேரத்தில் உயிரே போய்விடும், உடனே கூப்பிடுங்கள்.

எச்சில் ஒழுகி, நொண்டினால் கோமாரியாக (வாயிலும் குளம்பிலும் புண் வரும் நோய்) இருக்கலாம். உடம்பெல்லாம் கட்டி என்றால் 2022இல் கர்நாடகத்தை வாட்டிய தோல் கழலை நோயாகலாம். எச்சில் வழிகிறதே, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கையை மட்டும் விடாதீர்கள். வெறிநோய் (ரேபிஸ்) கண்ட மாட்டுக்கும் அப்படித்தான் வழியும்.

மிஞ்சிய சோறு, சப்பாத்தி கொண்டுபோய்ப் போட வேண்டாம். சோறு அதிகமானால் வயிற்றில் அமிலம் கூடி மாடு படுத்துவிடும். அதற்குப் பதில் வழியில் கிடக்கும் கம்பி, ஆணி, பிளாஸ்டிக் பையைப் பொறுக்குங்கள். புல்லோடு உள்ளே போன கம்பி இரைப்பையைக் குத்தி, பக்கத்திலுள்ள இதயம்வரை போய்விடும். என்னைக் கேட்டால் உங்களால் ஆகக்கூடிய பெரிய உதவி இதுதான்.

மாட்டுக்காரர் போன் எடுக்காவிட்டால் 1962க்குப் போடுங்கள்; நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான இலவச எண். காதிலுள்ள மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருந்தால் படமெடுத்து, லொகேஷனோடு மாட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வண்டி வரும்வரை எண்ணெய், தண்ணீர் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். நுரையீரலுக்குள் போய்விடும்.