வாயைப் பாருங்கள், சாப்பாடு தெரியும்

கேள்வி: மழைக்காட்டு மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்தாலே ஆயிரக்கணக்கில் நூற்புழு (நூல் மாதிரி மெலிந்த நுண்ணிய புழு) இருக்குமாமே, எல்லாமே வேரைத் தின்கிறவைதானா? (வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: இல்லைங்க. தக்காளி, கத்தரி வேரில் முடிச்சு விழவைக்கிற புழுவையே பார்த்துப் பழகியதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டின் ம்பல்மாயோ காட்டு மண்ணை 1990-களில் ஆராய்ந்தபோது 400-க்கும் மேற்பட்ட நூற்புழு இனங்கள் கிடைத்தன, பத்தில் ஒன்பதுக்கு மேல் அறிவியல் பெயரே இல்லாதவை. பெயரே இல்லாத புழு என்ன சாப்பிடும் என்று எப்படிச் சொல்வது? மைக்ராஸ்கோப்பில் வாயைப் பார்த்துத்தான். வெறும் குழாய் மாதிரி இருந்தால் பாக்டீரியாவை உறிஞ்சுகிறது, உள்ளே துளையுள்ள ஊசி இருந்தால் பெரும்பாலும் வேரையோ பூஞ்சை இழையையோ குத்திச் சாறு எடுக்கிறது, அகன்ற வாயில் பல் இருந்தால் பெரும்பாலும் வேட்டைக்காரன்.

அந்த வேட்டைக்காரர்களில் எனக்குப் பிடித்தது மோனான்கஸ் கூட்டம். நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர், கண் கிடையாது, எலும்பு, நுரையீரல், ரத்தக் குழாய் எதுவும் கிடையாது, மூச்சு தோல் வழியாகத்தான். பீப்பாய் போன்ற கெட்டியான வாய், அதன் முதுகுப்பக்கச் சுவரில் ஒரு பெரிய பல். இரை உடம்பில் முட்டினால்தான் அதற்கே தெரியும். முட்டியதும் உதட்டால் கவ்வி, பல்லால் கிழித்து உள்ளிருப்பதை உறிஞ்சிவிடும், சின்னதாக இருந்தால் முழுசாகவே விழுங்கிவிடும். உடம்புக்குள் இருக்கும் திரவம் எப்போதும் அழுத்தத்திலேயே இருப்பதால் சும்மா வாயைத் திறந்தால் எதுவும் உள்ளே போகாது, தொண்டைத் தசை பம்பு போல இழுத்துத் தள்ள வேண்டும். (இன்னொரு வேடிக்கை: இவற்றின் உடம்பில் நரம்பு தசையைத் தேடிப் போவதில்லை, தசைதான் கை நீட்டி நரம்பைத் தொடுகிறது!)

பசியும் லேசுப்பட்டதில்லை. ஒரே ஒரு மோனான்கஸ் தன் ஆயுளில், அதாவது சுமார் 12 வாரத்தில், 1,332 வேர்முடிச்சுப் புழுக் குஞ்சுகளைக் கொன்றதாக 1922-இல் ஒரு ஆய்வுக்கூடக் கணக்கு வெளிவந்தது.

கேள்வி: அப்படியானால் அதை வாங்கி என் தோட்டத்தில் விட்டால் மருந்துச் செலவு மிச்சம்தானே? (அதே வாசகி)

பதில்: நல்ல யோசனைதான், அமெரிக்காவில் கோப் என்ற நூற்புழு நிபுணர் நூறு வருடத்துக்கு முன்பே இதை எழுதிவிட்டார். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இவை மெதுவாகத்தான் பெருகும், ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது பெரும்பாடு, நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். மண்ணில் விட்டாலும் வேர்ப்புழுவை மட்டும் தேடித் தின்னாது, உங்களுக்கு உதவுகிற பாக்டீரியா தின்னிப் புழுக்களையும் சேர்த்தே காலி பண்ணும். இப்போதைக்கு நன்றாக மக்கிய எருவைப் போட்டு, பயிரை மாற்றி மாற்றி நடுங்கள், அது போதும்.