குழந்தையும் பதின்பருவமும்: வளர்ச்சிக் கோட்பாடுகள் குறித்த கேள்வி பதில்

வளர்ச்சி உளவியலைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறேன். உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுள் ஆறினுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கோட்பாட்டின் பெயரைக் காட்டிலும், அதை வகுத்தவர் குழந்தையிடம் எதைக் கண்டார் என்பதையே முதலில் சொல்ல விரும்புகிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. என் மகனுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. ஆனாலும் அகன்ற குவளையிலிருந்து ஒல்லியான குவளைக்கு நீரை மாற்றினால், நீர் கூடிவிட்டது என்கிறான். பியாஜேயின் அட்டவணைப்படி அவன் பின்தங்கியிருக்கிறானா?

பதில்: இந்த ஒன்றை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸில் அறிவுத்திறன் சோதனைகளைத் தரப்படுத்தும் பணியில் இருந்தபோது, ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே விதமாகத் தவறு செய்வதைக் கவனித்தார். சரியான விடைகளை எண்ணுவதை விட, அந்தத் தவறுகளுக்குப் பின்னால் ஓடும் சிந்தனையைத் தேடுவதே அவருடைய வாழ்நாள் வேலையாயிற்று. குழந்தையின் சிந்தனை நான்கு நிலைகளாக வளர்கிறது என்றார் அவர். ஒரு நிலை முடிந்து அடுத்தது தொடங்குவதாக அட்டவணையில் காணும் 2, 7, 11 என்னும் வயதுகள் தோராயமானவை. நிலைகள் வரும் வரிசைக்கே அவர் அழுத்தம் கொடுத்தார்.

நீரை மாற்றியபின் "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, அவன் விரலைப் பாருங்கள். நீர் நிற்கும் மட்டத்தைத் தொட்டுக் காட்டுகிறான் என்றால், உயரம் அவன் கவனத்தை முழுவதும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அகலம் குறைந்தது கணக்கில் வரவில்லை. "திரும்ப அதிலேயே ஊற்றினால் பழையபடிதானே இருக்கும்" என்று அவனாகவே ஒருநாள் சொல்லும்போது, நடந்ததை மனத்துக்குள் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டான் என்று பொருள். அதுவரை விடையைச் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதலில் சொன்னது தவறு போலும் என்று குழந்தை விடையை மாற்றிவிடக்கூடும். 1970-களில் மெக்கேரிகலும் மார்கரெட் டொனால்ட்சனும் நடத்திய ஆய்வில், சம எண்ணிக்கையில் அடுக்கிய இரு வரிசை வில்லைகளுள் ஒன்றைப் பெரியவர் கலைப்பதற்குப் பதிலாக ஒரு குறும்புக் கரடி பொம்மை கலைத்தபோது, நான்கு முதல் ஆறு வயதுவரையிலான குழந்தைகளில் பெரும்பாலோர் எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகவே சொன்னார்கள்.

கேள்வி: அப்படியென்றால் பியாஜே காலாவதியாகிவிட்டாரா?

பதில்: இல்லை. அவர் குறித்த வயதுகள் பல இடங்களில் தாமதமானவை என்று தெரியவந்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, மறைந்த பொருளைக் கைநீட்டித் தேடாத மூன்றரை மாதக் குழந்தைகளுள் சிலரும், அப்பொருளை ஊடுருவிச் செல்வதுபோல் ஒரு பலகை சாயும் காட்சியை அதிக நேரம் உற்றுப் பார்ப்பதை உளவியலாளர் ரெனே பைலார்ஜான் 1987-இல் வெளியிட்டார். மறைந்த பொருள் அங்கேயே இருக்கிறது என்று அறிந்திருப்பதால்தான் அக்காட்சி அவர்களை வியக்கவைக்கிறது என்பது அவர் கருத்து. ஆயினும் குழந்தை தன் அறிவைத் தானே கட்டியெழுப்புகிறது என்ற பியாஜேயின் அடிப்படைப் பார்வை இன்றும் நிற்கிறது.

கேள்வி: என் நான்கு வயது மகள் விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கொண்டே இருக்கிறாள். தடுக்க வேண்டுமா?

பதில்: தடுக்க வேண்டாம். "இது இங்கே வராது, நீலம் எங்கே, மூலையில் வை" என்று படத்துண்டுகளைப் பொருத்தும்போது அவள் முணுமுணுப்பது, தன் கைகளுக்குத் தானே இடும் கட்டளை. காசநோயால் 1934-இல் 37 வயதிலேயே மறைந்த ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, இப்பேச்சு பின்னாளில் ஒலியிழந்து உள்ளுக்குள் நிகழும் சிந்தனையாக மாறுகிறது என்றார். வேலை கடினமாகும்போது இப்பேச்சு கூடுவதை நீங்களே காணலாம். அந்த வேளையில் துண்டை நீங்களே எடுத்து வைத்துவிடாமல், "ஓரம் நேராக இருக்கும் துண்டுகளை முதலில் தேடலாமா?" என்று மட்டும் கேளுங்கள். கட்டடம் எழும்வரை நிற்கும் சாரம் போன்றது அந்த உதவி. அவள் தேறத் தேற அதைப் பிரித்துவிட வேண்டும்.

கேள்வி: ஒரு வயதுக் குழந்தையை விட்டு வேலைக்குச் செல்கிறேன். தாய்ப்பாசப் பிணைப்பு அறுந்துவிடும் என்று உறவினர்கள் அச்சுறுத்துகிறார்கள்.

பதில்: பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையின் நிழல் அது. போர்க்காலத்தில் வீடிழந்தும் காப்பகங்களில் நெடுநாள் வாழ்ந்தும் துன்புற்ற குழந்தைகளைப் பற்றி அவர் எழுதியதை, மாலையில் வீடு திரும்பும் தாய்க்குப் பொருத்துவது நியாயமே இல்லை. ஷாஃபரும் எமர்சனும் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1964-இல் வெளியிட்ட ஆய்வில், பதினெட்டு மாத அளவில் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் பிணைப்புக் கொண்டிருந்தார்கள்.

இந்தப் பிணைப்பின் தன்மையை அறிய உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த் வகுத்த சோதனையில் தாய் சில நிமிடங்கள் அறையை விட்டு வெளியேறித் திரும்புவார். பிரியும்போது குழந்தை அழுததா என்பதைக் காட்டிலும், திரும்பி வந்தவரிடம் ஓடி ஒட்டிக்கொண்டு, ஆறுதலடைந்து, மீண்டும் பொம்மைக்குப் போகிறதா என்பதையே அவர் முக்கியமாகக் கொண்டார். ஆகவே காலையில் உங்கள் குழந்தை அழுவதைக் கண்டு குற்ற உணர்ச்சி கொள்ளாதீர்கள். மாலையில் அது உங்களை எப்படி வரவேற்கிறது என்று பாருங்கள். சொல்லாமல் நழுவிப் போவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு பருவுக்காகப் பள்ளிக்குப் போக மறுக்கிறாள், 13 வயது மகள். எல்லாரும் அதையே பார்ப்பார்களாம்.

பதில்: உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயரிட்டார். பிறர் மனத்தை எண்ணிப் பார்க்கும் ஆற்றல் புதிதாக வளர்கிறது. ஆனால் அவர்களும் தன்னையேதான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றுகிறது. "யாரும் பார்க்க மாட்டார்கள்" என்னும் மறுப்பு அவளிடம் எடுபடாது. "அப்படித் தோன்றினால் கஷ்டமாகத்தான் இருக்கும்" என்று தொடங்குங்கள்.

கேள்வி: 17 வயது மகன் மருத்துவம் என்றான், பிறகு இசை என்றான், இப்போது சட்டம் என்கிறான். ஆனால் அண்ணன் மகனோ சிறுவயதில் அப்பா சொன்னதையே உறுதியாகப் பிடித்திருக்கிறான்.

பதில்: மனிதரின் வாழ்நாள் வளர்ச்சிக்கு உளவியலாளர் எரிக் எரிக்சன் வகுத்த எட்டுக் கட்டங்களுள் ஐந்தாவதான அடையாளத் தேடலில் உங்கள் மகன் நிற்கிறான். அதை ஜேம்ஸ் மார்சியா 1966-இல் மேலும் பிரித்துப் பார்த்தார். அவர் கணக்கில் உங்கள் மகன் தேடிக்கொண்டிருப்பவன். அண்ணன் மகன் தேடாமலே முடிவை ஏற்றுக்கொண்டவனாக இருக்கலாம், அவனுடைய உறுதி முதிர்ச்சிதானா என்பது இன்னும் சோதிக்கப்படவில்லை. எனவே இருவரையும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். மருத்துவத்தில், இசையில், சட்டத்தில் அவனை ஈர்த்தது எது என்று தனித்தனியே கேட்டு, அவன் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். மூன்றிலும் ஒரே விடை வந்தாலும் வரலாம்.