பனியைப் பார்க்கக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

கேள்வி: எனக்கு ஆறு வயதில் மகளும் இரண்டு வயதில் மகனும் இருக்கிறார்கள். நாங்கள் இருப்பது சமவெளியில். குளிர்கால விடுமுறையில் பனி பொழியும் மலைப்பகுதிக்கு ஐந்து நாள் பயணம் போக விரும்புகிறோம். ஏஜென்ட் கொடுத்த திட்டப்படி முதல் இரவே 3,000 மீட்டரைத் தாண்டிய ஊரில் தங்குகிறோம். மறுநாள் 4,000 மீட்டர் உயரக் கணவாய்க்குப் போகிறோம். மகளுக்குச் சளி பிடித்தால் மூச்சு இழுக்கும், இன்ஹேலர் கொடுப்போம். குளிரில் இரண்டு பேருக்கும் நிமோனியா வந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். ஏஜென்ட் ‘உடை, ஆக்சிஜன் எல்லாம் அங்கேயே கிடைக்கும்’ என்கிறார். போகலாமா? சின்னவனை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா?

குழந்தை மருத்துவரின் பதில்:

பெரியவர்களின் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். குளிர்ந்த காற்று பட்டதால் மட்டும் நிமோனியா வருவதில்லை. சளியையும் நிமோனியாவையும் உண்டாக்குபவை கிருமிகள். குளிர்காலத்தில் அவை அதிகம் பரவுவதற்கு ஒரு முக்கியக் காரணம், எல்லோரும் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு ஒரே அறையில் நெருங்கி இருப்பதுதான். சரியான உடை போட்டு வெளியே பனியில் விளையாடும் குழந்தையைவிட, இருமும் பயணிகளோடு மூடிய வேனில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கே தொற்றும் வாய்ப்பு அதிகம்.

என்னைக் கவலைப்பட வைப்பது உங்கள் பயணத் திட்டம். கடல்மட்டத்தில் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் 3,500 மீட்டரில் கிடைக்கிறது. உடல் அதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்குச் சில நாட்கள் வேண்டும். சமவெளியிலிருந்து போகிறவர்கள் முதல் இரவை 2,500 மீட்டருக்குள் கழிப்பது நல்லது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, ஓர் இரவு தூங்கும் இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் அங்கேயே இருக்க வேண்டும். மலை மருத்துவம் படித்தவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு இது. உங்கள் ஏஜென்ட்டின் திட்டம் முதல் நாளிலேயே இதை மீறுகிறது. அவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும், ‘ஐந்து நாளில் ஏழு இடங்கள்’ என்று விளம்பரம் செய்ய வேண்டியிருப்பதால் மறைத்திருக்கவும் கூடும். எப்படியிருந்தாலும் தலைவலியும் வாந்தியும் உங்கள் குழந்தைக்குத்தான்.

பயண நிறுவனங்களின் வண்ணப் பிரசுரங்களை எடுத்துப் பாருங்கள். விடுதியின் சாப்பாட்டுக்கூடப் படம் இருக்கும், கம்பளத்தின் நிறம்கூடத் தெரியும். எந்த இரவு எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்கப்போகிறீர்கள் என்று ஒரு வரி இருக்காது. மருந்து அட்டையில் காலாவதி நாளை அச்சிடச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. கைக்குழந்தையோடு 4,000 மீட்டருக்குப் போகும் திட்டத்தை விற்பவரிடம் அந்த ஒற்றை எண்ணைக்கூட யாரும் கேட்பதில்லை. அந்த எண் அச்சில் இருந்தால் பாதிப் பெற்றோர் தாங்களாகவே திட்டத்தை மாற்றிவிடுவார்கள்.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆறு வயது மகள் ‘தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது’ என்று சொல்லிவிடுவாள். இரண்டு வயது மகனால் சொல்ல முடியாது. காரணமில்லாத சிணுங்கல், பால் சாப்பாடு வேண்டாம் என்பது, வாந்தி, தூக்கம் கெடுவது, பிடித்த பொம்மையைக் கொடுத்தாலும் முகம் மலராமல் இருப்பது ஆகியவைதான் அவனுடைய புகார்கள். போய்ச் சேர்ந்த சில மணி நேரத்திலிருந்து அரை நாளுக்குள் இவை தொடங்கும். பயணக் களைப்பு, வளைந்த மலைப்பாதையின் குமட்டல் என்று உங்களுக்குத் தோன்றும். அப்படியே இருக்கலாம். ஆனாலும் உயரத்தில் குழந்தைக்கு வரும் எந்தக் கோளாறையும், வேறு காரணம் உறுதியாகும்வரை, உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே ஏறாதீர்கள். குறையவில்லையென்றால் இறங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் மயங்கிக் கிடந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த இரவிலேயே இறக்குங்கள். பெரும்பாலும் 300 முதல் 1,000 மீட்டர் வரை இறங்கினாலே முன்னேற்றம் தெரியும். இறங்கியதும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்போது ஏஜென்ட் சொல்லும் ஆக்சிஜன். பாதையோரத்தில் விற்கும் சிறிய டின்னில் பத்து லிட்டர் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்த ஐந்து நிமிடம் குழந்தை கொஞ்சம் தெளிவாகத் தெரியும், பெற்றோர் நிம்மதியடைந்து மேலே ஏறுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அந்த டின்னை விற்பவரும் உங்களை மேலே அழைத்துப்போகிறவரும் கூட்டாளிகளாகவும் இருக்கலாம். டின்னை நம்பி ஒரு மீட்டர்கூட ஏறாதீர்கள். யாரோ கொடுக்கிறார்கள் என்பதற்காக உயர நோய் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுப்பதும் கூடாது. அதன் அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மகளைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். மூச்சு இழுக்கும் குழந்தைகளைப் பனிக்கு அழைத்துப்போகவே கூடாது என்பது தவறு. நோய் கட்டுப்பாட்டில் இருக்கும் குழந்தை தாராளமாகப் போகலாம். ஆனால் குளிர்ந்த, உலர்ந்த காற்று மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும். பனியில் ஓடியாடும்போது வாயால் வேகமாக மூச்சு விடுவதால் இன்னும் சுருங்கும். மெல்லிய துணியால் வாயையும் மூக்கையும் மூடினால் உள்ளே போகும் காற்று சற்று வெதுவெதுப்பாகும். கழுத்தில் சுற்றும் நீளமான மப்ளர் வேண்டாம், விளையாடும்போது எங்காவது சிக்கிக் கழுத்தை இறுக்கும். தலைவழியாக மாட்டும் குழாய் போன்ற கழுத்துறை போதும்.

தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் இருந்தால் விடுமுறை என்று அதை நிறுத்திவிடாதீர்கள். உடனடி நிவாரண இன்ஹேலரைப் பெட்டியிலோ முதுகுப் பையிலோ வைக்காமல் உங்கள் உள்சட்டைப் பையில், உடல் சூட்டில் வைத்திருங்கள். குளிர்ந்து போன இன்ஹேலரை அழுத்தினால் மருந்து முழு அளவில் வராது. ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தி மருந்தை உள்ளிழுக்க உதவும் குழாய்) இல்லாமல் புறப்பட வேண்டாம். மருந்து மிச்சம் இருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அது நம்பத்தகுந்ததல்ல. எண்ணிக்கை காட்டும் இன்ஹேலரை வாங்குங்கள், இல்லையென்றால் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். விளையாடப் போகுமுன் கொடுக்கலாமா, இழுத்தால் எத்தனை முறை கொடுப்பது என்பதை உங்கள் மருத்துவரிடம் காகிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வழக்கமான அளவு கொடுத்தும் மூச்சுத்திணறல் தணியவில்லை என்றால், ‘இவளுக்கு எப்போதும் வருவதுதானே’ என்று மேலும் மேலும் அழுத்திக்கொண்டு உட்காராதீர்கள். உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டாலும் இதேபோல இருமலும் மூச்சு வாங்கலும் வரும். அதற்கு இன்ஹேலர் மட்டும் போதாது, இறங்க வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். சளி, காய்ச்சல் இருக்கும்போதே உயரம் ஏறும் குழந்தைகளுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே புறப்படும் வாரத்தில் அவளுக்குக் காய்ச்சலோ மூச்சு இழுப்போ வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அதற்காகவே, தேதியை மாற்ற முடியுமா என்பதை முன்பணம் கொடுக்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாய்ச்சொல் அந்த நாளில் உதவாது.

உடைக்கு வருகிறேன். சிறு குழந்தைக்கு உடல் எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், அதனால் பெரியவர்களைவிட வேகமாகச் சூடு இழக்கும். தடித்த கோட்டு ஒன்றைவிட மூன்று அடுக்குகள் நல்லவை. தோலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதற்கு மேல் சூடு காக்கும் ஸ்வெட்டர், வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் அது காயாமல் உடம்பைக் குளிரவைக்கும். விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறையே அதிகச் சூடு தரும். காலுறையை இரண்டு மூன்றாகப் போட்டு ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். பிடரியில் கைவைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள்.

‘அங்கேயே கிடைக்கும்’ என்ற வாடகை உடைகளை நான் வெறுக்கிறேன். காலையில் ஒரு குழந்தை நனைத்த பூட்ஸ், மதியம் அடுத்த குழந்தையின் காலில் இருக்கும். அளவு கிடைக்காவிட்டால் பெரியவர்களுடையதை மாட்டிவிட்டு ‘சூடாக இருக்கும்’ என்பார்கள். வண்டியை அந்தக் கடையில்தான் நிறுத்துவோம் என்று ஓட்டுநர் அடம்பிடித்தால் காரணத்தை நீங்களே ஊகிக்கலாம். கையுறை, காலுறை, பூட்ஸ், உள்ளாடை நான்கையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மேல்கோட்டை வேண்டுமானால் வாடகைக்கு எடுக்கலாம், உள்ளே கைவிட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு.

சின்னவனை முதுகுத் தொட்டிலில் சுமந்தால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஏறி நடக்கும் உங்களுக்கு வியர்க்கும்; அசையாமல் தொங்கும் அவன் கால்கள் சில்லிட்டுக்கொண்டிருக்கும். அடிக்கடி இறக்கி, கை கால்களைத் தொட்டுப் பார்த்து, நடக்கவிடுங்கள். வானிலைச் செயலி காட்டும் வெப்பநிலையை மட்டும் நம்பாதீர்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், தோலுக்கு அது பூஜ்ஜியத்துக்குக் கீழே 13 டிகிரி. நடுங்கிக்கொண்டிருந்த குழந்தை நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால் அது ஆபத்தின் அறிகுறி. விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. உள்ளே கொண்டுபோய் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெயிலும் உண்டு. புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும். இரண்டு பேருக்கும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, மூக்கின் அடியிலும் தாடைக்குக் கீழும் சேர்த்து சன்ஸ்கிரீன்.

பனிச்சறுக்கு வண்டியில் உட்கார்ந்து, கால் முன்னே நீட்டி, ஹெல்மெட் போட்டு, மரமும் பாதையும் இல்லாத சரிவில் விளையாடட்டும். மோட்டார் பனி வண்டியில் ஏற்றச் சொல்லி ஆட்கள் மொய்ப்பார்கள். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களை அதில் ஏற்றவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. உங்கள் மகள் அந்த எல்லையைத் தாண்டியிருந்தாலும் வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

இனி அறைக்குள். நிலக்கரி, விறகுச் சட்டி, எரிவாயு ஹீட்டர் எதுவும் குழந்தைகள் தூங்கும் அறையில் கூடாது. அடைத்த அறையில் அவை உமிழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று அது காட்டும் அறிகுறிகள் உயர நோயைப் போலவே இருக்கும். குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலை வலித்தால் முதலில் எல்லோரையும் அறைக்கு வெளியே கொண்டுவாருங்கள். விடுதிக்கு எத்தனை நட்சத்திரம் என்று வாசலில் பலகை வைக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று கேட்டால் வரவேற்பறையில் விழிக்கிறார்கள். பேட்டரியில் இயங்கும் கையடக்கக் கருவிகள் விற்கின்றன. ஒன்று வாங்கிக் கொண்டுபோங்கள்.

மகனை விட்டுவிட்டுப் போகவேண்டியதில்லை. திட்டத்தை மாற்றினால் போதும். குளிர்காலத்தில் 2,500 மீட்டருக்குக் கீழேயே பனி விழும் இடங்கள் நிறைய உண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்கு முழங்கால் அளவுப் பனி போதும்; கணவாயின் உயரம் அவனுக்குத் தெரியாது. ஐந்து நாளும் அப்படி ஓர் ஊரிலேயே தங்கி, காலையில் ஒரு மணி நேரம், வெயில் ஏறியதும் ஒரு மணி நேரம் விளையாடவிட்டு, நடுவில் அறைக்கு வந்து உலர்ந்த உடை மாற்றினால் இருவருக்கும் அதுவே நல்ல விடுமுறை. ஏஜென்ட்டிடம் ஒவ்வோர் இரவும் தூங்கும் இடத்தின் உயரத்தை மீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் எண் 2,500க்கு மேல் இருந்தாலோ, எழுதித் தர மறுத்தாலோ, அவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.