55 சதவீதமா, 78 சதவீதமா: பாலஸ்தீனப் பிரிவினை வரைபடக் குழப்பம்

'1947 பிரிவினை' என்று தலைப்பிட்ட ஒரு வரைபடத்தில் யூதப் பகுதி 78% வருகிறது, ஆனால் 55% என்றும் படித்தேன், எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு எண்ணுமே சரி, ஆனால் இரண்டும் வேறு வேறு கோடுகள். பிரிட்டிஷ் ஆட்சிக்கால பாலஸ்தீனத்தில் சுமார் 55% யூத நாட்டுக்கு என்றது 1947 நவம்பர் 29-இன் ஐ.நா. தீர்மானம் 181. சுமார் 78% என்பது 1949 போர்நிறுத்த ஒப்பந்தங்களின்போது இஸ்ரேல் வசம் இருந்த பகுதி.

நீங்கள் எடுத்த படம் 1949-இன் போர்நிறுத்தக் கோட்டை ('பச்சைக் கோடு' என்பார்கள்) வரைந்துவிட்டு '1947 பிரிவினை' என்று தலைப்பிட்டிருக்க வேண்டும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

சரிபார்க்க நாசரேத், ஆக்கா, பீர்ஷேபா மூன்றையும் தேடுங்கள். 181-இல் இவை அரபு நாட்டுப் பக்கம். யாஃபா யூதப் பகுதிக்குள் ஓர் அரபுத் தீவு. ஜெருசலேமும் பெத்லகேமும் சர்வதேச நிர்வாகத்தின் கீழ் தனி வட்டம். அந்த வட்டம் இல்லையென்றால் அது 1947 படமே அல்ல.

ஒரு எச்சரிக்கை: பச்சைக் கோட்டை 'எல்லை' என்று எழுதாதீர்கள். அந்தக் கோடு இறுதித் தீர்வைக் கட்டுப்படுத்தாது என்று இஸ்ரேல்-ஜோர்டான் போர்நிறுத்த ஒப்பந்தமே சொல்கிறது. ஜெருசலேம் வரைபடத்தில் தடித்த பென்சிலால் போட்ட கோட்டின் அகலமே தரையில் பல மீட்டர்; அதற்குள் விழுந்த வீடுகள் யாருடையவை என்பதே தகராறானது.