மஞ்சள் இருக்கட்டும், லிஃப்ட் விஷயத்துக்கு வருவோம்

கேள்வி: ஸ்வீடனில் மால்மோவில் வசிக்கிறேன். கணவர் இந்த ஊர்க்காரர், வயது 43. கல்லீரல் என்சைம்கள் கொஞ்சம் கூடியிருந்ததால் பரிசோதித்ததில், ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு, இசட்-இசட் வகை என்று வந்திருக்கிறது. நுரையீரலுக்கு இதுவரை ஒன்றுமில்லை. முன்பெல்லாம் மூன்று மாடி ஏறி வருவார், இப்போது சோம்பல்பட்டு லிஃப்டில் வருகிறார், அவ்வளவுதான். பால், முட்டை, கோதுமையை நிறுத்தலாமா? மஞ்சள் மாத்திரை, லிவர் டீடாக்ஸ் பானம் தரலாமா? அம்மா ஊரிலிருந்து கீழாநெல்லிப் பொடி அனுப்பியிருக்கிறார். எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கும் இது வருமா?

பதில்: கடைசியாகக் கேட்டதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று தெரிகிறது. அதனால் மகளிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். நுரையீரலைக் காக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் குறைந்துபோகும் இந்த நோய் வர, பழுதான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் வேண்டும். அப்பாவிடமிருந்து ஒன்று நிச்சயமாக வந்திருக்கும். உங்களிடமிருந்து வர வாய்ப்பு மிக மிகக் குறைவு. இசட் என்ற இந்தப் பழுதான மரபணு வகை வட ஐரோப்பியர்களிடம் பரவலாக இருப்பது, நம் பக்கம் அபூர்வம். நீங்கள் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் அந்தக் கொஞ்ச சந்தேகமும் தீரும். மகள் ஒற்றைப் பிரதி சுமப்பவளாக இருப்பாள். பெரியவளானதும் சிகரெட்டைத் தொடாமல் இருந்தால், பெரும்பாலும் அவளுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. உண்மையில் உடனே பரிசோதிக்க வேண்டியவர்கள் கணவரின் கூடப் பிறந்தவர்கள். அவர்களை விட்டுவிட்டீர்களே!

இனி லிஃப்ட். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய ஒரே வரி அதுதான். நீங்கள் அதைச் சோம்பல் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

நுரையீரல் நிறையக் கையிருப்பு உள்ள உறுப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்போது மூச்சு வாங்குகிறது என்று யாரும் வந்து சொல்வதில்லை. மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட், சைக்கிளுக்குப் பதில் பஸ், குழந்தையைத் தூக்குவதற்குப் பதில் கையைப் பிடித்து நடத்துவது என்று வாழ்க்கையைத் தன் மூச்சுக்கு ஏற்றபடி சுருக்கிக்கொள்வார்கள். கேட்டால் வயசாகிறது என்பார்கள். 43 ஒரு வயசா? இந்த வாரம் அவரோடு பேசிக்கொண்டே மூன்று மாடி ஏறுங்கள். பேச்சு எந்தப் படியில் நிற்கிறது என்று கவனியுங்கள். நிற்காவிட்டாலும் சரி, உங்கள் வோர்ட்சென்ட்ரால் (பகுதி மருத்துவ நிலையம்) மூலமாக ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனை, அதோடு நுரையீரலின் வாயுப் பரிமாற்ற அளவு, இரண்டையும் இந்த மாதத்துக்குள் செய்துவிடுங்கள். ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் போதாது.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்? கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் எலாஸ்டேஸ் என்ற என்சைமைக் கொட்டுகின்றன. சண்டை முடிந்ததும் அதை அடக்குவது கல்லீரலில் உருவாகும் இந்த ஆல்ஃபா-1 புரதம். உங்கள் கணவருக்கு அந்தப் புரதம் வடிவம் தப்பி உருவாகி, ஆறிப்போன சேமியா கட்டி தட்டுவது போலக் கல்லீரல் செல்லுக்குள்ளேயே தேங்கிவிடுகிறது. கல்லீரல் என்சைம் ஏறியது அதனால்தான். ரத்தத்துக்கு வந்து சேருவது வழக்கமான அளவில் 10–15 சதவீதம். அடக்க ஆளில்லாத எலாஸ்டேஸ் நுரையீரலின் காற்றறைச் சுவர்களையே அரிக்கிறது. அரித்துப் போனது திரும்பி வளராது.

இதில் சிகரெட் சேர்ந்தால், இருக்கிற கொஞ்சநஞ்சப் புரதத்தையும் செயலிழக்க வைத்துவிடும். கணவர் புகைப்பாரா என்று நீங்கள் எழுதவேயில்லை. பார்ட்டியில் மட்டும் புகைப்பவர்களுக்கு உங்கள் ஊர் மொழியில் தனிப் பெயரே உண்டு. அவர் அந்த ரகமா என்று கேளுங்கள். அந்த ஒன்று இரண்டும் கூடாது. வீட்டில் விறகு எரியும் கணப்பு இருந்தால் அதுவும், நம்மவர்களின் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 1963-இல் இந்தக் குறைபாட்டை லாரெல், எரிக்சன் என்ற இருவர் முதன்முதலில் விவரித்தது நீங்கள் இருக்கும் அதே மால்மோவில்தான். 1972 முதல் 1974 வரை ஸ்வீடனில் பிறந்த இரண்டு லட்சம் குழந்தைகளைப் பரிசோதித்து, குறைபாடு இருந்தவர்களை இன்றுவரை தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். நாற்பதை நெருங்கியபோது, அவர்களில் புகைக்காதவர்களின் நுரையீரல் மற்றவர்களுடையதைப் போலவே வேலை செய்தது. உங்கள் கணவர் அந்தப் பரிசோதனை நின்ற பிறகு பிறந்தவர், அதனால்தான் இத்தனை வருடம் தெரியாமல் இருந்திருக்கிறது.

சாப்பாட்டுக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. எந்த உணவைச் சேர்த்தாலும் விலக்கினாலும் இந்தப் புரதம் சரியான வடிவத்துக்கு வரப் போவதில்லை. பால், முட்டை, கோதுமை எதையும் நிறுத்தத் தேவையில்லை. முட்டையை நிறுத்தினால் தசைதான் கரையும், மூச்சு விடவும் தசை வேண்டும். உப்பில்லாத காமாலைப் பத்தியமெல்லாம் வேண்டாம். கால் வீக்கமோ வயிற்றில் நீரோ வந்தால்தான் உப்பைக் குறைக்கும் பேச்சு. எடை கூடாமல் பார்த்துக்கொள்ளட்டும், ஏற்கெனவே சுமை தாங்கும் கல்லீரலில் கொழுப்பும் சேரக் கூடாது. காபி குடிக்கலாம். மது ஒரு சொட்டும் வேண்டாம், ஒயினும் மதுதான். மஞ்சள் காமாலை ஏ, பி தடுப்பூசிகளும், ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளும் போட்டுக்கொள்ளட்டும்.

மஞ்சள் சாம்பாரில் இருக்கட்டும். மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் மாத்திரை கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் குடித்துக் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். டீடாக்ஸ் பானத்தைக் குப்பையில் போடுங்கள். கழுவி எடுக்கக் கல்லீரல் என்ன தண்ணீர்த் தொட்டியா? கீழாநெல்லி விஷயத்தில் அம்மாவிடம் சண்டை போட வேண்டாம். நம் ஊர்க் காமாலையில் பாதிக்கு மேல் தானாக ஆறுகிற ரகம், பெயர் மட்டும் இலைக்குப் போய்விட்டது. இது தானாக ஆறுகிற ரகம் இல்லை. பொடியை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

இருமலில் வரும் சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறி மூச்சும் கூடுதலாக வாங்கினால், ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றே டாக்டரிடம் போங்கள். இவருக்கு ஒவ்வொரு தொற்றும் நுரையீரலில் கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் போகும். மலம் தார் போலக் கறுத்தால், அது உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம், நேராக எமர்ஜென்சி.

இந்தப் புரதத்தையே வாராவாரம் நரம்பில் ஏற்றும் சிகிச்சை ஒன்று 1987-இலிருந்து இருக்கிறது. நுரையீரல் கெடும் வேகத்தைக் குறைக்கும், கல்லீரலுக்கு ஒன்றும் செய்யாது. அது இவருக்குத் தேவையா என்று பேசுவதற்கே ஸ்பைரோமெட்ரி, வாயுப் பரிமாற்றம் என்ற அந்த இரண்டு அளவுகளும் கையில் வேண்டும். அடுத்த கடிதத்தில் அவற்றை மட்டும் எழுதி அனுப்புங்கள்.