முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடம் விடணும்?

காட்பாடியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து 20 வருடம் ஓடிவிட்டது. புதிதாக ஓட்டும் பிள்ளைகளும் பெற்றவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்.

குடியாத்தத்திலிருந்து ஒரு அப்பா: பையன் எல்எல்ஆர் எடுத்திருக்கிறான். "தள்ளிப் போடா" என்று கத்தியே தொண்டை போச்சு. எத்தனை அடி விடணும் சார்?

அடிக்கணக்கு வேண்டாம் சார். ஓடும் வண்டியில் 50 அடியைக் கண்ணால் அளக்க எனக்கே வராது. நொடியில் சொல்லுங்கள், மூன்று நொடி இடைவெளி. முன்வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் "ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டு, ஆயிரத்தி மூணு" என்று பையன் வாய்விட்டு எண்ணட்டும். சொல்லி முடிக்கும் முன்பே அந்தக் கல்லுக்கு வந்துவிட்டால் ஒட்டிப் போகிறான் என்று அர்த்தம். 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர், 100-இல் 28 மீட்டர் ஓடுகிறோம். ஆபத்தைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடி, ஒன்றரை நொடி ஆகும். அதுவரை வேகம் துளியும் குறையாது.

கத்துவதை மட்டும் விட்டுவிடுங்கள். நீங்கள் கத்தினால் அவன் ரோட்டை விட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான்.

சத்துவாச்சாரி தங்கை: இடம் விட்டால் ஆட்டோவும் பைக்கும் நுழைந்துவிடுகிறதே அண்ணா?

நுழையத்தான் செய்யும்மா, நம்ம வேலூர் கிரீன் சர்க்கிள் ரவுண்டானா நெரிசல் தெரியாதா! ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு, இடைவெளி திரும்பக் கிடைத்துவிடும். பள்ளிகொண்டா போவதற்குள் பத்துப் பேர் நுழைந்தாலும் உனக்கு அரை நிமிடம்தான் நஷ்டம். நெரிசலில் நின்று நகரும்போது மூன்று நொடியெல்லாம் நடக்காது. முன்வண்டியின் பின்சக்கரம் ரோட்டைத் தொடும் இடம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்து, போதும்.

ஆம்பூர் தம்பி: என் காரில் ஏபிஎஸ் இருக்கே?

இருக்கட்டும். சக்கரம் இறுகிப் போகாமல் அது பார்த்துக்கொள்ளும், பிரேக்கை மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பலாம். உன் கால் லேட்டாகப் போனால் அது என்ன செய்யும்? வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. கோடை கழிந்து விழும் முதல் மழையில் எண்ணெயும் தூசியும் கலந்து ரோடே வழுக்கும். அன்றைக்கு ஆறு வரை எண்ணு.

திருவலத்திலிருந்து ஒருவர்: ராத்திரி கரும்பு டிராக்டர்?

அதுதான் எனக்கும் பயம். பின்விளக்கே இல்லாமல் போவார்கள், எண்ணுவதற்கு முன்வண்டியே கண்ணில் படாது. உங்கள் ஹெட்லைட் எட்டும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில் மட்டும் போங்கள்.

வாலாஜா அக்கா: பின்னால் லாரி ஒட்டி வந்தால்?

வேகத்தைக் கூட்டாதீங்க அக்கா. முன்னால் இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள், அப்போதுதான் சட்டென்று பிரேக் போடாமல் மெதுவாக நிறுத்தலாம். இடது பக்கம் ஒதுங்கி அவரை முதலில் அனுப்பிவிடுங்கள்.