யானை எப்போது தூங்கும்? சின்னப் பிள்ளைகளின் விலங்குப் பாட்டு: கேள்வி பதில்

பினாங்கில் பாலர்பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளோடு விலங்குப் பாட்டுப் பாடி ஆடுவது பற்றிப் பல ஊர்களிலிருந்து நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (பிறை): டீச்சர், ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறேன். பாட்டை முழுசாகப் பாடிக் காட்டுகிறேன். பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.

பதில்: நீங்கள் அதிகமாகப் பாடுகிறீர்கள் மா. எல்லாவற்றையும் நீங்களே பாடிவிட்டால் அவர்களுக்கு என்ன வேலை மிச்சம்? நான் இட்டுக்கட்டிய ஒன்றைப் பாருங்கள்:

தண்ணிமலை மரத்து மேல
கண்ணாடிக் குரங்கு
பக்கம் போயிப் பார்த்தா அது
பட்டுன்னு...

இங்கே நிறுத்திவிடுங்கள். கையை மட்டும் தூக்கி, கண்ணை விரித்து, மனசுக்குள் நாலு எண்ணுங்கள். முதல் வாரம் ஒரு சத்தமும் வராது. வாய் அரிக்கும், நீங்களே முடித்துவிடத் தோன்றும். முடிக்காதீர்கள். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ யாராவது ஒரு வாண்டு "தாவும்!" என்று கத்திக்கொண்டு குதிக்கும். அப்புறம் மொத்த மண்டபமும் அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருக்கும்.

பினாங்கின் தண்ணீர்மலைப் பக்கம் பூமலைக்கும் (தாவரவியல் பூங்கா) கொடிமலைக்கும் (பினாங்கு மலை) போயிருந்தால் இந்தக் குரங்கைப் பார்த்திருப்பீர்கள். உடம்பு சாம்பல் கறுப்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். பிறந்த குட்டி மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு நிறம். இதைச் சொன்னால் போதும், அடுத்த அடியைப் பிள்ளைகளே கட்டிவிடுவார்கள்.

கேள்வி (ஜெலுத்தோங்): என் குரல் கட்டைக்குரல். நான் பாடினால் மகள் என்னோடு சேரவே மாட்டேன் என்கிறாள்.

பதில்: சேர மறுக்கவில்லை தம்பி, எட்டவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வசதியான சுருதி கீபோர்டின் நடு சி-க்கு அடுத்த டி-யில் தொடங்கி அதற்கு மேலே உள்ள ஏ வரைதான். நீங்கள் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே நிற்கிறீர்கள். வெட்கப்படாமல் கள்ளக்குரலில், அதாவது குரலை மெல்லிசாக்கி, மேலே பாடுங்கள். பூனைக்கு அந்தக் குரல்தான் பொருத்தம்!

மெட்டுக்கும் அலைய வேண்டாம். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் தோழியைப் பிள்ளை எப்படிக் கூப்பிடுகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு, அதாவது 'ப'விலிருந்து 'க'வுக்கு இறங்கும். அந்த இரண்டு ஸ்வரத்திலேயே "பூ...னை, வா...வா" என்று ஒரு மாதம் ஓட்டலாம். அப்புறம் மோகன ராகம். ஐந்தே ஸ்வரம், தடுக்கி விழ இடமில்லை. சீனப் பாட்டுகளிலும் அதே ஐந்து ஸ்வரம் நிறைய வருவதால் பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளையும் சட்டென்று சேர்ந்துகொள்ளும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): புலி விளையாட்டு ஆரம்பித்தால் வகுப்பு கலவரமாகிறது. எப்படி அடக்குவது?

பதில்: என் வகுப்பில் ஒரு புலி பக்கத்துப் புலியை நிஜமாகவே கடித்துவிட்டது. பல் பதிந்த கையோடு அந்த அம்மா முன்னால் நின்றது இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து என் புலிகள் உறுமுவதில்லை, பதுங்கும். தொண்டையைக் கிழித்துக் கத்துவது பிள்ளைகளின் குரலுக்கும் நல்லதில்லை. மூச்சை மட்டும் "ஹா..." என்று விட்டுக்கொண்டு முட்டி மடக்கி நடந்தால் அதுவே பயங்கரமாக இருக்கும்.

கலவரத்தை அடக்கப் பாட்டு வாத்தியார்களின் பழைய வழி ஒன்று இருக்கிறது: ஒரே பாட்டை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில் பாடுவது. முதல் காலத்தில் யானை, ஆடி அசைந்து. இரண்டாம் காலம் இரட்டிப்பு வேகம், பூனை. மூன்றாம் காலம் அதற்கும் இரட்டிப்பு, எலி. சிரிப்பும் மூச்சிரைப்பும் உச்சிக்குப் போனதும் யானைக்கே திரும்புங்கள். யானைக்குத் தூக்கம் வருகிறது. ஒரு கால் மடங்குகிறது, அடுத்த கால் மடங்குகிறது, தும்பிக்கை தரையில். குரலைத் தேய்த்துத் தேய்த்து ஒன்றுமில்லாமல் ஆக்குங்கள். "உட்காருங்க" என்று நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை.

கேள்வி (பட்டர்வொர்த்): கலப்பு வகுப்பு, முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாய்ப் பாட்டுப் பாடலாமா?

பதில்: பெற்றோரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாட்டு பரவாயில்லை, பிள்ளை நாயாக நடிப்பதுதான் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். சரி, ஆட்டையும் பூனையையும் கூப்பிடுங்கள்.

கேள்வி (சுங்கை டுவா): என் பையன் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான். மூன்று மாதமாகிறது.

பதில்: வீட்டில் குளிக்கும்போது பாடுகிறானா என்று கதவோரம் நின்று கேட்டுப் பாருங்கள். பாடினால் கவலையை விடுங்கள். வகுப்பில் அவனை மரமாக நிற்கச் சொல்லலாம். குரங்கெல்லாம் மரத்தைத் தேடித்தானே வரவேண்டும்? மரம் தானாக ஆடத் தொடங்கும் நாளும் வரும். கையைப் பிடித்து நடுவில் இழுத்து மட்டும் விடாதீர்கள்.

கேள்வி (கூலிம்): யானை, சிங்கம் எல்லாம் சரி. காக்காயைப் போய் என்னவென்று பாடுவது?

பதில்: சிங்கத்தை எந்தப் பிள்ளை வீட்டு வாசலில் பார்த்தது? காக்காயைத் தினமும் பார்க்கிறது. தலையைச் சாய்ப்பது, ஒரு பக்கமாகத் தத்துவது, ரொட்டித் துண்டைத் தூக்கிக்கொண்டு பறப்பது என்று எல்லாம் நடிக்கலாம். நம்மைப் போலவே அதுவும் தோட்ட வேலைக்கு வந்ததுதான், தெரியுமா? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிள்ளான் காப்பித் தோட்டங்களில் புழு பிடிக்க இலங்கையிலிருந்து கொண்டுவந்தார்கள். காப்பி போய்விட்டது, காக்காய் இருக்கிறது.

கேள்வி (புக்கிட் மெர்த்தாஜாம்): என்ன வாத்தியம் வாங்கலாம்?

பதில்: காலி மைலோ டின், உள்ளே ஒரு பிடி பச்சைப்பயறு. மூடியை டேப் போட்டு இறுக்கி ஒட்டுங்கள். நான் ஒரு தடவை ஒட்டாமல் விட்டு, மூக்குக்குள் போன பயறை எடுக்கக் கிளினிக்குக்கு ஓடியிருக்கிறேன்.